காமிக்ஸ் வரைந்தே காலம் தள்ள முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மைக்கூடு:
புதிதாக வரைய வருபவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. முடியும் என்றுதான் சொல்வேன். ஆனால் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் கூலியில் முடியாது. ஒரு பக்கத்துக்குப் பென்சில், மை, வண்ணம், லெட்டரிங் (வசனங்களை எழுதிச் சேர்ப்பது) என்று எல்லாம் பார்த்தால் இரண்டு நாள் ஓடிவிடும். அந்தக் கூலி அந்த மாதத்தோடு சரி. வீட்டு வாடகையைக் கொடுப்பது, எப்போதோ வரைந்து முடித்த பக்கங்கள் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் காசுதான். அது வர வேண்டுமானால் பக்கங்களின் உரிமை நம் கையில் இருக்க வேண்டும்.

முதல் ஆல்பத்துக்கு, அதாவது முதல் காமிக்ஸ் புத்தகத்துக்கு, ஒப்பந்தம் பேசப் போனபோது நடந்தது. பதிப்பாளர் நல்ல மனிதர், காமிக்ஸ் பித்து பிடித்தவர். நீட்டிய தாளில் "எல்லா உரிமைகளும், எல்லா மொழிகளிலும், எல்லா வடிவங்களிலும், காலவரையறையின்றி" என்று இருந்தது. தயங்கினேன். "இது எல்லாருக்கும் போடுற வாசகம்தான் சார். நாங்க என்ன இதைப் படமாவா எடுக்கப் போறோம்?" என்றார். "எடுக்கப் போறதில்லைன்னா அந்த வரியை எடுத்துடலாமே" என்றேன். சிரித்துவிட்டார். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, ஒரே மொழி, அச்சு மட்டும், ஐந்து வருடம் என்று பேனாவாலேயே திருத்திக் கையெழுத்துப் போட்டார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவே இல்லை. பிறகு வேற்றுமொழிப் பதிப்புக்கு ஆள் வந்தபோது அந்தப் பணம் நேராக எனக்கு வந்தது.

சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938இல் 130 டாலருக்கு மொத்த உரிமையையும் எழுதிக்கொடுத்தார்கள். முதுமையில் வறுமைப்பட்டு, சக ஓவியர்கள் வெளியே வந்து போராடிய பிறகுதான் 1975இல் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும், கதையில் மறுபடி பெயர் போடும் மரியாதையும் கிடைத்தன. 1992இல் அமெரிக்காவின் முன்னணி ஓவியர்கள் ஏழு பேர் சேர்ந்து இமேஜ் காமிக்ஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கியபோது, படைப்பு படைத்தவருக்கே சொந்தம் என்பதைத்தான் அடித்தளமாக வைத்தார்கள்.

நாலின்மடங்கு:
மைக்கூடு சார் பதிப்பாளர் பக்கம் சொல்லிவிட்டார். நான் சொந்தமாக அச்சடித்து விற்பவன். எனக்குப் பாடம் எடுத்தவர் அச்சக மேலாளர். 46 பக்கக் கதையை எடுத்துக்கொண்டு போனேன். கோப்பைத் திறக்கக்கூட இல்லை. "ஒண்ணு 44, இல்லாட்டி 48. நடுவுல பின் அடிக்கிற புத்தகம் நாலு நாலாத்தான் போகும்" என்றார். மிச்ச இரண்டு பக்கத்தில் பென்சில் ஓவியங்களைப் போட்டேன். வாசகர்கள் இன்றுவரை அதைத்தான் அதிகம் பாராட்டுகிறார்கள், என்னத்தைச் சொல்ல.

அவர் சொன்ன இன்னொன்று: ஆஃப்செட்டில், அதாவது ப்ளேட் (தகடு) செய்து அடிக்கும் அச்சில், ப்ளேட் செலவு 500 பிரதிக்கும் அதேதான், 5,000 பிரதிக்கும் அதேதான். அதனால் பிரதி கூடக்கூட ஒரு புத்தகத்தின் அடக்கவிலை இறங்கும். அந்த ஆசையில்தான் நிறைய பேர் அதிகம் அடித்துக் கட்டில் அடியில் அடுக்கிவைக்கிறார்கள். முன்பதிவு எண்ணிக்கை தெரியும்வரை நான் ப்ளேட் தேவைப்படாத டிஜிட்டல் அச்சைத் தாண்டுவதில்லை. பிரதிக்குச் செலவு கூடுதல்தான். ஆனால் தேங்கும் புத்தகத்தை விட மலிவு.

விநியோகஸ்தரும் கடையும் சேர்ந்து அட்டை விலையில் பாதியையோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்வார்கள். அது அநியாயம் இல்லை, அவர்களுக்கும் வாடகை உண்டு. ஆனால் எல்லாச் சரக்கையும் ஒரே வாசலில் இறக்காதீர்கள். அமெரிக்கக் காமிக்ஸ் கடைகளுக்குப் பல ஆண்டுகள் பெரும்பாலும் ஒரே விநியோகஸ்தராக இருந்த டயமண்ட், 2025 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. விற்றபின் பணம் என்ற பேச்சில் கிடங்கில் வைத்திருந்த சிறு பதிப்பாளர்களின் புத்தகங்களும் அந்த வழக்கில் மாட்டிக்கொண்டன.

கூட்டநிதி, அதாவது வாசகர்கள் பலரிடம் முன்கூட்டியே பணம் திரட்டுவது பற்றி யாராவது கேட்பீர்கள். 2012இல் ரிச் பர்லூ என்ற இணைய காமிக்ஸ்காரர் தன் பழைய தொகுப்புகளை மறுபதிப்பு செய்ய கிக்ஸ்டார்டர் என்ற கூட்டநிதித் தளத்தில் 57,750 டாலர் கேட்டார், வந்தது 12.5 லட்சம் டாலருக்கு மேல். அதைக் காட்டித்தான் பலரும் ஆசைகாட்டுகிறார்கள். பணம் போட்டவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். அத்தனை பேருக்கும் அச்சடித்து, பொதி கட்டி, அனுப்பிவைக்க வேண்டும். அது சம்பளம் இல்லை நண்பர்களே, முன்கூட்டியே வாங்கிய ஆர்டர். இன்னொன்றையும் பாருங்கள்: அவர் அதற்கு முன்னால் பல ஆண்டுகள் அந்தக் கதையை இணையத்தில் இலவசமாகப் போட்டு வந்தவர்.

கீழேஉருட்டு:
நான் கைபேசியில் படிக்கிற தொடர் வரைகிறேன், மேலிருந்து கீழே உருட்டும் வகை. வாரம் ஒரு அத்தியாயம். எங்கள் உலகத்தில் உரிமையை விட மணிக்கட்டு பெரிய பிரச்சினை.

ஒரு கண்காட்சியில் பள்ளிச் சிறுமி ஒருத்தி வரிசையில் நின்று வந்து, "அக்கா, போன வாரம் ஏன் போடல?" என்று கேட்டாள். கோபமெல்லாம் இல்லை, நிஜமான அக்கறை. கையில் கட்டியிருந்த பட்டையைக் காட்டினேன். "அப்ப மெதுவா போடுங்க, நான் எங்க போயிடப் போறேன்" என்றாள். என் தொகுப்பாளர் உட்பட யாரும் அதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை! அதன் பிறகு பருவம் பருவமாகப் பிரித்துவிட்டேன். கையிருப்பில் அத்தியாயங்கள் சேராமல் புதிய பருவத்தை அறிவிப்பதே இல்லை. இடைவெளியில் வாசகர்கள் ஓடிவிடுவார்கள் என்று பயமுறுத்தினார்கள். கொஞ்சம் பேர் போனார்கள். மாதச் சந்தா கட்டுபவர்கள் அநேகமாக எல்லாரும் இருந்தார்கள், சோறு போடுவதும் அவர்கள்தான்.

மைக்கூடு சார் சொன்ன பழைய பக்கக் காசு எங்களுக்கும் வேண்டும் என்றால் ஒரு தொழில் விஷயம். தளங்கள் கேட்பது 800 பிக்சல் அகலம்தான். அந்த அளவிலேயே வரைந்தால் பின்னால் புத்தகமாக்க முடியாது, அச்சில் கோடுகள் பிசிறடிக்கும். நான் பெரிதாக வரைந்து, சுருக்கித்தான் ஏற்றுகிறேன். கட்டங்களையும் வசன பலூன்களையும் கோப்பில் தனித்தனி லேயரில் (அடுக்கில்) வைக்கிறேன். நீள் சுருளைப் பக்கமாக மாற்றும்போது முழுசாக மறு அடுக்கு அடுக்க வேண்டியிருக்கும், பலூன் படத்தோடு ஒட்டியிருந்தால் தொலைந்தீர்கள். மொழிபெயர்ப்புக்கும் அதே கதை.

வசனம் மட்டும்:
எல்லாரும் வரைபவர்களாகவே பேசுகிறீர்கள். எனக்கு நேர்க்கோடுகூட வராது. ஓர் ஓவியரோடு சேர்ந்து வேலை செய்யப் போனபோது, "சரிபாதி" என்றேன் பெருந்தன்மையாக. அவர் அமைதியாகக் கேட்டார்: "நீங்க ஒரு பக்கத்தை எவ்வளவு நேரத்துல எழுதுவீங்க?" அதற்கு மேல் பேரம் பேச மனம் வரவில்லை. ராயல்டியில் (விற்பனையில் வரும் பங்கில்) அவருக்குக் கூடுதல், பாத்திரங்களின் உரிமை இருவருக்கும் சமம் என்று எழுதிக்கொண்டோம். எங்களில் ஒருவர் பாதியில் விலகினால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தோம். நட்பாக இருக்கும்போதே எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஓவியர்:
எனக்கு முழுநேர ஆசையே போய்விட்டது. விளம்பரப் படங்களுக்கு ஸ்டோரிபோர்டு (படம்பிடிக்கும் முன் காட்சிகளை வரைந்து காட்டுவது) போடுகிறேன், அதில் வீடு ஓடுகிறது. காமிக்ஸ் மெதுவாக வளர்கிறது. ஸ்டோரிபோர்டில் பழகிய வேகம் கதைக்கும் உதவுகிறது. இதைத் தோல்வி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மைக்கூடு சாரிடம் ஒரு சந்தேகம்: ஐந்து வருடம் முடிவதற்குள் பதிப்பாளர் புத்தகத்தைக் கிடப்பில் போட்டுவிட்டால்? "அச்சில் இல்லாவிட்டால் உரிமை திரும்பும்" என்று என் ஒப்பந்தத்தில் இருக்கிறது, அது போதுமா?

மைக்கூடு:
போதாது சார். அந்த வாசகம் கிடங்கில் பிரதி தீர்ந்துபோகும் காலத்தில் எழுதியது. இப்போது மின்நூல் ஒன்று தளத்தில் கிடந்தாலும், கேட்டால் ஒரு பிரதி அடித்துக் கொடுக்கும் வசதி இருந்தாலும், "அச்சில்தான் இருக்கிறது" என்று சொல்லிவிடலாம். புத்தகம் என்றைக்கும் தீராது, உரிமையும் திரும்பாது. அடுத்தடுத்து இரண்டு கணக்குக் காலங்களில் (பதிப்பாளர் விற்பனைக் கணக்குக் கொடுக்கும் காலம்) இத்தனை பிரதிக்குக் குறைவாக விற்றால், எழுத்தில் கேட்ட பிறகு உரிமை திரும்பும் என்று எண்ணைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். அச்சுக்குப் போன கடைசிக் கோப்புகளும் உங்களுக்கு வர வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். லெட்டரிங் அவர்கள் செய்ததாக இருந்தால் அதற்குத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும்.