உறையைப் பிரிக்காமலே தீர்ப்பு: எது ரகசியம் என்று முடிவு செய்வது யார்?

கலங்கரை:
அரசு ரகசியம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது ஒரு விமான விபத்து அறிக்கைதான். 1948 அக்டோபர் 6 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பி-29 ரக ராணுவ விமானம் ஒன்று தீப்பிடித்து விழுந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். ராணுவத்தைச் சேராத பொறியாளர்கள் மூவரின் மனைவியர் வழக்குத் தொடுத்து, விபத்து விசாரணை அறிக்கையைக் கேட்டார்கள். விமானத்தில் ரகசியக் கருவிகள் சோதிக்கப்பட்டதால் அறிக்கையைத் தர முடியாது என்றது அரசு. தனக்கு மட்டுமாவது தனி அறையில் காட்டுமாறு மாவட்ட நீதிபதி கேட்டார். அதற்கும் அரசு இசையவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1953இல் அங்கிருந்த நீதிபதிகள் அந்த அறிக்கையின் ஒரு பக்கத்தைக்கூடப் பார்க்காமல் அரசின் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

2000ஆம் ஆண்டில், இறந்த பொறியாளர் ஒருவரின் மகள் அதே அறிக்கையை இணையத்தில் கண்டெடுத்தார். ரகசியத் தடை எப்போதோ நீங்கியிருந்தது. ரகசியக் கருவி எப்படி இயங்கியது என்ற விவரம் அதில் இல்லை. இருந்தது வேறு. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகாமல் தடுக்கும் கவசங்களைப் பொருத்தும்படி உத்தரவு இருந்தும் அந்த விமானத்தில் பொருத்தவில்லை. குடும்பத்தினர் மீண்டும் நீதிமன்றம் போனார்கள், மறுவிசாரணை கிடைக்கவில்லை. அந்த 1953 தீர்ப்பு இன்றும் அமெரிக்காவில் அரசு ரகசியச் சிறப்புரிமையின், அதாவது ரகசியம் என்று சொல்லி வழக்கில் ஆவணம் தர மறுக்கும் அரசின் உரிமையின், அஸ்திவாரமாக நிற்கிறது.

என் கேள்வி இதுதான்: ஒன்றை மறைக்க விரும்புகிறவரே, அது மறைக்கத் தக்கதா என்பதற்கும் நீதிபதியாக இருக்கலாமா? இருந்தால், ஆவணத்தைக் கசியவிடுகிறவரை எந்த முகத்தோடு குற்றவாளி என்கிறோம்?

காவற்கோபுரம்:
நீங்கள் சொன்ன வழக்கில் அநீதி நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது நீதிமன்றம் தன் கடமையைச் செய்யாத கதை. கசிவை நியாயப்படுத்தும் கதை அல்ல.

1962 அக்டோபர் 27ஐ நினைத்துப் பாருங்கள். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள். உலகம் அணு ஆயுதப் போரின் விளிம்பில். அன்று மாலை அமெரிக்க அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினைச் சந்தித்தார். துருக்கியில் இருக்கும் அமெரிக்க ஜூபிட்டர் ஏவுகணைகள் சில மாதங்களில் அகற்றப்படும், ஆனால் இது வெளியே தெரியக் கூடாது என்றார். மறுநாள் சோவியத் தலைவர் குருஷேவ் தன் ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சந்திப்பு நடந்த இரவே மக்களின் அறியும் உரிமையை எண்ணி ஓர் அதிகாரி அதைப் பத்திரிகைக்குச் சொல்லியிருந்தால்? கூட்டணி நாடுகள் கொதித்திருக்கும், உள்நாட்டு எதிர்ப்பு கிளம்பியிருக்கும், பேரம் முறிந்திருக்கும். பேச்சுவார்த்தைக்கு ஒரு கதவு மூடியிருக்க வேண்டும். கசியவிடுகிறவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்தலில் அவரை யாரும் தோற்கடிக்கவும் முடியாது.

நீலமை:
அந்தக் கதவு அன்றிரவு மூடியிருந்தது சரி. ஆபத்து நீங்கிய பிறகும் கால் நூற்றாண்டு ஏன் மூடியிருந்தது? பேரத்தின் முழு உண்மை 1980களின் இறுதியில்தான் உறுதியாக வெளிவந்தது. அதுவரை அசையாத உறுதி ஒன்றே எதிரியைப் பணிய வைத்தது என்ற பாடத்தைத்தான் மக்கள் படித்தார்கள். விட்டுக்கொடுத்துத்தான் அமைதி வந்தது என்பது தெரியாமலே ஒரு தலைமுறை அடுத்த போர்களைப் பற்றி முடிவெடுத்தது.

அப்படி ஒரு போர்தான் வியட்நாம். அந்தப் போரைப் பற்றி அமெரிக்க அரசே ரகசியமாக எழுதிவைத்திருந்த ஆய்வை, அதில் பங்கெடுத்த டேனியல் எல்ஸ்பெர்க் 1969 அக்டோபரில் ஒரு விளம்பர நிறுவனத்தின் அலுவலகத்தில், இரவு நேரங்களில், பக்கம் பக்கமாக நகலெடுத்தார். 47 தொகுதிகள், சுமார் 7,000 பக்கங்கள். ஓர் இரவு அவருடைய 13 வயது மகன் நகல் எந்திரத்தின் அருகே நின்று தாள்களை வைத்துக்கொடுத்தான். 10 வயது மகள் கத்தரிக்கோலால் தாள்களின் ஓரத்திலிருந்த ‘மிக ரகசியம்’ என்ற வரியை வெட்டியெடுத்தாள். அந்தப் பக்கங்கள் சொன்னது, ஒரு அதிபர் மாறி இன்னொருவர் வந்தும் மக்களிடம் ஒன்றும் உள்ளுக்குள் வேறொன்றும் பேசிக்கொண்டே போரை வளர்த்தார்கள் என்பதை. அவர் கொடுத்ததைப் பத்திரிகைகள் வெளியிட்டால் நாடு ஆபத்துக்குள்ளாகும் என்று உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடினார் எர்வின் கிரிஸ்வோல்ட். 1971 ஜூன் 30 அன்று 6க்கு 3 என்ற கணக்கில் பத்திரிகைகள் வென்றன. 1989இல் அதே கிரிஸ்வோல்ட், அந்த வெளியீட்டால் தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து நேர்ந்ததற்கான தடயம் எதையும் தாம் பார்க்கவில்லை என்று எழுதினார். ஆபத்து என்று வாதாடியவரின் வாக்குமூலம் அது.

காவற்கோபுரம்:
எல்ஸ்பெர்க் என் பக்கத்துச் சாட்சி, நண்பரே. அமைதிப் பேச்சுவார்த்தைகள் பற்றிய நான்கு தொகுதிகளை அவர் பத்திரிகைகளுக்குக் கொடுக்கவில்லை. மூட வேண்டிய கதவு ஒன்று உண்டு என்று அவருக்கே தெரிந்திருந்தது. அவர் ஒவ்வொரு பக்கத்தையும் படித்தவர்.

2011 செப்டம்பரில், ரகசிய ஆவணங்களை வெளியிடும் இணையதளமான விக்கிலீக்ஸ் என்ன செய்தது? இரண்டரை லட்சம் அமெரிக்கத் தூதரகக் குறிப்புகளைப் பெயர்கள்கூட மறைக்கப்படாமல் கொட்டியது. முன்பு அதனுடன் சேர்ந்து வெளியிட்ட பத்திரிகைகளே கண்டித்தன. அடக்குமுறை ஆட்சிகளின் கீழ் வாழ்ந்துகொண்டு, தூதரக அதிகாரியிடம் நம்பி நாலு வார்த்தை பேசிய ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், செய்தியாளர்கள் அந்தக் குறிப்புகளில் இருந்தார்கள். ‘இவர் பெயரைக் காக்கவும்’ என்ற குறிப்போடு இருந்தார்கள். அவர்களிடம் யாராவது அனுமதி கேட்டார்களா? மக்களின் உரிமை என்கிறீர்கள், அவர்களும் மக்கள்தானே?

நீலமை:
பெயர்களை மறைக்காமல் வெளியிட்டது தவறு. இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. 2013இல், அந்தக் குறிப்புகளை விக்கிலீக்ஸுக்குக் கொடுத்த அமெரிக்க ராணுவ வீரர் செல்சி மேனிங் மீதான ராணுவ விசாரணையில், பாதிப்பை ஆராய்ந்த குழுவின் தலைவரே அந்த வெளியீடுகளால் கொல்லப்பட்டார் என்று ஒருவரைக்கூடக் குறிப்பிட்டுச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் பயத்தில் வீட்டைவிட்டு ஓடியவர்களின் பயம் உண்மையானதுதான்.

ஆனால் அதே மேனிங் கொடுத்த இன்னொன்றையும் பாருங்கள். 2007 ஜூலை 12, பாக்தாத். அமெரிக்க ஹெலிகாப்டரிலிருந்து சுட்டதில் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் ஊழியர்கள் இருவர் உட்படப் பலர் இறந்தார்கள். காயம்பட்டவரைத் தூக்க வந்த வேனும் சுடப்பட்டது. உள்ளே இரண்டு குழந்தைகள். ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த வீடியோவை ராய்ட்டர்ஸ் தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி முறையாகக் கேட்டது. கிடைக்கவில்லை. 2010 ஏப்ரலில் கசிவு வழியாகத்தான் உலகம் அதைப் பார்த்தது. சுட்டவர்கள் யார் மீதும் வழக்கு இல்லை. வெளிக்கொணர்ந்தவருக்கு 35 ஆண்டுச் சிறை. ஏழு ஆண்டுகள் கழிந்த பிறகே தண்டனைக் குறைப்பில் வெளியே வந்தார். எய்தவன் இருக்க அம்பை நோவது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கசியவிடாமல் முறையாகக் கேட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். தன் ஊழியர்கள் எப்படிச் செத்தார்கள் என்று ஒரு செய்தி நிறுவனம் முறையாகத்தான் கேட்டது.

பழங்கோப்பு:
நான் ஓர் அரசுத் துறையின் ஆவணப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தத் துறை என்பது வேண்டாம். நீங்கள் பெரிய போர்களைப் பேசுகிறீர்கள். முத்திரை எப்படி விழுகிறது என்பதை நான் சொல்கிறேன்.

என் மேசையின் இடப்பக்க இழுப்பறையில் ஒரு ரப்பர் முத்திரையும் சிவப்பு மை வைத்த தகர டப்பாவும் இருந்தன. ஒரு கோப்பு வந்தால் அதில் ‘ரகசியம்’ என்று குத்துவதற்கு ஒரு நொடி. தேவையில்லாமல் குத்தியதற்காக யாரும் என்னைக் கேள்வி கேட்டதில்லை. குத்தாமல் விட்டு ஏதாவது வெளியே போயிருந்தால் என் வேலை போயிருக்கும். பிறகு யார் குத்தாமல் இருப்பார்கள்? அதை எடுக்க வேண்டுமானால் மூன்று கையெழுத்து வேண்டும். மூவரில் ஒருவர் எப்போதும் மாற்றலாகிப் போயிருப்பார்.

ஒரு பாலத்தின் தூண்களில் விரிசல் என்று ஆய்வுக் குறிப்பு வந்தது. பழுதுபார்க்கும் பணியை இரண்டு முறை தள்ளிப்போட்டது யார் என்பதும் அதே கோப்பில் இருந்தது. விரிசலில் ரகசியம் ஏதும் இல்லை. தள்ளிப்போட்டவர்களின் பெயரில் இருந்தது. அந்தக் குறிப்பைக் கேட்டு ஒருவர் கடிதம் எழுதினார். ‘பாதுகாப்புக் காரணங்களால் அளிக்க இயலாது’ என்று பதிலைத் தட்டச்சு செய்தது நான். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பாலத்தைச் சரிசெய்தார்கள். யாரும் சாகவில்லை. அதில் எங்களுக்குப் பெருமை எதுவும் இல்லை.

ஆனாலும் அதே பீரோவில்தான் தங்கள் மேலதிகாரி மீது புகார் கொடுத்தவர்களின் பெயரும் முகவரியும் இருந்தன. மனசாட்சி என்ற பெயரில் யாராவது அந்தப் பீரோவைத் தெருவில் கவிழ்த்திருந்தால் முதலில் சிக்கியிருப்பவர்கள் அவர்கள். அதனால் கசிவை என்னால் கொண்டாட முடியாது.

தராசுமுள்:
ஐயா எழுதியதைப் படித்துவிட்டு ஒரு சட்டக் குறிப்பு. முறையான வழி இருந்தபோது அதற்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 1982இல் ஃபாக்லாந்து போரில் பிரிட்டன் மூழ்கடித்த அர்ஜென்டினாவின் பெல்கிரானோ போர்க்கப்பல் பற்றிய ஆவணங்களை கிளைவ் பான்டிங் என்ற பிரிட்டிஷ் அதிகாரி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு அனுப்பினார். தெருவில் கொட்டவில்லை, மக்களின் பிரதிநிதியிடம் கொடுத்தார். அரசின் நலன் எது என்பதை அன்றைய அரசே தீர்மானிக்கும் என்ற கருத்தில் நீதிபதி ஜூரியிடம் பேசினார். அப்படியும் 1985இல் ஜூரி அவரை விடுவித்தது. அடுத்து என்ன நடந்தது? 1989இல் புதிய அரசு ரகசியச் சட்டம் வந்தது. பொதுநலனுக்காகச் செய்தேன் என்று வாதாட அதில் இடமில்லை. சாதாரண மனிதர்கள் பன்னிரண்டு பேர் திறந்த கதவை நான்கே ஆண்டுகளில் பூட்டிவிட்டார்கள்.

மேலிருந்து கசிவது குற்றமாவதில்லை என்பதும் உண்மை. 2003இல் வேலரி பிளேம் என்ற அமெரிக்க உளவு அதிகாரியின் அடையாளம் பத்திரிகையில் வந்தது. செய்தி போனது அரசின் உயர்மட்டத்திலிருந்து. பெயரை வெளியிட்டதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. ஒருவர் தண்டனை பெற்றது விசாரணையில் பொய் சொன்னதற்கு.

காவற்கோபுரம்:
மேலே இருப்பவர்கள் தப்புவது அநியாயம். அதைத் திருத்துவதற்குக் கீழே இருப்பவர்களும் தப்பட்டும் என்பது வழியாகாது. மனசாட்சியை எப்படி அளப்பீர்கள்? அமெரிக்க விமானப்படையின் தேசியக் காவல் பிரிவைச் சேர்ந்த 21 வயது இளைஞர் ஜாக் டெஷேரா உக்ரைன் போர் பற்றிய ரகசியங்களை இணைய அரட்டைக் குழுவில் போட்டார். எந்த அநீதியையும் அம்பலப்படுத்த அல்ல. கூட இருந்தவர்களிடம் பெரிய ஆளாகத் தெரிவதற்கு. 2024இல் 15 ஆண்டுச் சிறை. இவரையும் எல்ஸ்பெர்க்கையும் ஒரே வரிசையில் நிறுத்துவீர்களா?

கலங்கரை:
நான் நிறுத்தவில்லை. சட்டம் நிறுத்துகிறது. 1917ஆம் ஆண்டின் உளவுச் சட்டத்தின்படிதான் எல்ஸ்பெர்க் மீதும் வழக்கு வந்தது, டெஷேரா மீதும் வந்தது. எல்ஸ்பெர்க் சாட்சிக் கூண்டில் நின்றபோது, ஏன் நகலெடுத்தீர்கள் என்று அவருடைய வழக்கறிஞர் கேட்டார். பதில் சொல்ல நீதிபதி அனுமதிக்கவில்லை. ஏன் என்ற கேள்வியே வழக்குக்குத் தொடர்பற்றது என்றார்கள். கடைசியில் வழக்கு 1973இல் தள்ளுபடியானது, அரசு ஆட்களே அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தில் புகுந்தது வரை அரசின் அத்துமீறல்கள் வெளியானதால். ஏன் என்பதற்கு அவர் பதில் சொன்னதால் அல்ல.

மனசாட்சியை எப்படி அளப்பது என்கிறீர்களே, அளக்கும் இடத்துக்கு அதை முதலில் வர விடுங்கள் என்கிறேன். எதை எடுத்தார், எதை விட்டார், யாரிடம் கொடுத்தார், முன்னால் யாரிடம் முறையிட்டார், மறைக்கப்பட்டது குற்றமா வெறும் தகவலா என்று ஒரு நீதிபதி கேட்கட்டும். கேட்பதற்கு முன் உறையைப் பிரித்து ஆவணத்தைப் படிக்கட்டும். அது போக, முத்திரை குத்தியவரின் பெயரும் அது தானாகவே காலாவதியாகும் தேதியும் ஒவ்வொரு கோப்பின் மேலும் இருக்கட்டும். பெயர் எழுத வேண்டும் என்றால் கை தயங்கும்.

காவற்கோபுரம்:
நீதிபதி படிக்கட்டும், இதை ஒப்புக்கொள்கிறேன். பெயர்களும் நடந்துகொண்டிருக்கும் பேச்சுவார்த்தைகளும் வெளியே வரக் கூடாது என்பதில் மாறமாட்டேன். அதற்குத் தண்டனையும் வேண்டும்.

நீலமை:
எனக்கு நீதிபதிகள் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 1953இல் படிக்காதே என்று அவர்களை யாரும் கட்டிப்போடவில்லை. அவர்களாகவே படிக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அதனால் கடைசி வழியாகக் கசிவு இருந்தே தீரும், இருக்கவும் வேண்டும்.

பழங்கோப்பு ஐயா, ஒன்று கேட்க வேண்டும். பாலத்தைப் பற்றிக் கடிதம் எழுதியவருக்கு எப்போதாவது உண்மை தெரிந்ததா?

பழங்கோப்பு:
எனக்குத் தெரிந்து இல்லை. அவர் இன்னும் இரண்டு கடிதங்கள் எழுதினார். கடைசிக் கடிதத்தோடு ஒரு புகைப்படம் இணைத்திருந்தார். பாலத்தின் கீழே இறங்கி, அவரே தூணுக்கு அருகில் நின்று எடுத்தது. விரிசலின் அகலம் தெரிவதற்காகப் பக்கத்தில் தன் கையை வைத்திருந்தார். வந்த கடிதத்தைக் கோப்பில் சேர்ப்பது என் வேலை, சேர்த்தேன். கோப்பின் மேல் முத்திரை இருந்ததால் அதிலுள்ள எல்லாத் தாள்களுக்கும் அது பொருந்தும். அவர் எடுத்த புகைப்படமும் அன்றிலிருந்து ரகசியமாயிற்று.