முல்லைத்தீவில் கரண்ட் போனால் கிளிநொச்சியிலும் ஏன் எல்லாம் நிற்கிறது?

இரணைமடுவான்:
வணக்கம். இடப்பெயர்வுகளில் தப்பிய காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் படம் என்று சனங்களிடம் உள்ளதை ஸ்கான் செய்து சேர்க்கிறோம். இதுவரை 7 டெராபைட் (டிபி). 2009இல் எங்கள் வீட்டில் மிஞ்சியது அம்மா சேலைக்குள் சுற்றிக் கட்டிய உறுதி ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க மனம் வரவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில் இரண்டிரண்டு சேர்வர், ஒவ்வொன்றிலும் 4 டிபி டிஸ்க் மூன்று. ஆறையும் செஃப் என்ற சேமிப்பு மென்பொருளால் ஒரே கிளஸ்டராக, அதாவது ஒன்றாக இயங்கும் தொகுதியாக, இணைத்து இரேஷர் கோடிங் 4+2 போட்டேன்: கோப்பு நான்கு தரவுத் துண்டும் இரண்டு மீட்புத் துண்டுமாகி, சேர்வருக்கு ஒரு துண்டாகப் போகும். ஆறு துண்டில் எந்த நான்கு இருந்தாலும் கோப்பு திரும்பும் என்றுதான் படித்தேன். ஆனால் முல்லைத்தீவில் கரண்ட் போனதும் இங்கே கிளிநொச்சியில் வாசிக்கவும் முடியவில்லை. கரண்ட் இருக்கும் நாளிலும் 60 எம்பி ஸ்கான் ஒன்று ஏற நிமிடக்கணக்கு. எங்கே பிழை?

மாங்குளம் சந்தி:
தம்பி, தரவு பத்திரமாகத்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள். பூலின், அதாவது செஃப்பில் கோப்புகளை வைக்கும் பகுதியின், மினிமம் சைஸைப் பாருங்கள்; வேலை நடக்கக் குறைந்தது எத்தனை துண்டு வேண்டும் என்ற எண் அது. 4+2க்கு அது இயல்பாக 5. இரண்டு சேர்வர் ஒன்றாகப் போனால் மிச்சம் 4, அதனால் செஃப் தானே கையை எடுத்துவிடுகிறது. 4 ஆகக் குறைத்தால் உடனே ஓடும். ஆனால் அந்த நேரம் இன்னொரு டிஸ்க் போனால் புதிதாக எழுதியதை மீட்கவே முடியாது. அவசரத்துக்கு மட்டும் செய்யுங்கள்.

செட்டிகுளம்:
வேகம் பற்றி நான் சொல்கிறேன். எல்லாத் துண்டும் எழுதி முடிந்த பிறகுதான் செஃப் ‘சரி’ சொல்லும். அதாவது உங்கள் ஸ்கான் ஒவ்வொன்றும் மூன்று ஊரில் மிக மெதுவான இணைப்புக்காகக் காத்து நிற்கிறது. செஃப் ஒரே அறையின் வேகமான வலையமைப்புக்கு ஏற்றது. நான்கு சேர்வரைக் கிளிநொச்சியில் வைத்து மூன்று பிரதி போடுங்கள். 48 டிபியில் 16 டிபி கிடைக்கும். 85 வீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். மற்ற இரண்டும் கிளஸ்டருக்கு வெளியே, ஊருக்கு ஒன்றாக நிற்கட்டும், இரவில் ஆர்குளோன் என்ற பிரதி எடுக்கும் மென்பொருளால் பிரதி போகட்டும். ஒவ்வொன்றிலும் 12 டிபி இருக்கிறதே, 7 தாராளமாக அடங்கும்.

மாங்குளம் சந்தி:
இது நல்ல வழி. ஆர்குளோனில் ‘சிங்க்’ வேண்டாம், ‘காப்பி’ போடுங்கள். இங்கே தவறி அழிந்தால் ‘சிங்க்’ அங்கேயும் அழித்துவிடும்.

இரணைமடுவான்:
மினிமம் சைஸ் 5தான், இப்போதுதான் பார்த்தேன். நன்றி அண்ணை, இருவருக்கும். இடம் குறைந்தாலும் உறுதிகள் மூன்று ஊரிலும் இருக்கும், எனக்கு அது போதும். முதலில் 7 டிபியையும் வெளி டிஸ்க்கில் எடுத்துச் சரிபார்க்கிறேன். அப்புறம் முல்லைத்தீவுச் சேர்வர் ஒன்றைப் பரந்தன் வழியாக வான் ஒன்றில் ஏற்றிக் கொண்டுவருகிறேன்.