நோ மாட்யூல் நேம்ட்: உங்களை இன்னும் விடாத ஒரு இம்போர்ட் எரரைச் சொல்லுங்கள்

பின்னிரவு

பில் அனுப்பும் பைத்தான் ஸ்கிரிப்ட். கையால் ஓட்டினால் ஓடும், குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் ஓடாது. பதினோரு நாள் இது யாருக்குமே தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு மொத்த வியாபாரி போன் செய்து, "தம்பி, இந்த மாசம் பில்லே வரலையே, நம்ம கணக்கை முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

லாகைத் திறந்தால் பதினோரு இரவும் ஒரே வரி: நோ மாட்யூல் நேம்ட் ரிக்வெஸ்ட்ஸ். அதாவது, ஸ்கிரிப்ட் இம்போர்ட் செய்து எடுக்கும் ரிக்வெஸ்ட்ஸ் என்ற மாட்யூல், வேறொருவர் எழுதிவைத்த கோடுத் தொகுப்பு, இல்லை. மேலாளர் பக்கத்தில் நிற்கிறார். டெர்மினலில் பைத்தானைத் திறந்து இம்போர்ட் ரிக்வெஸ்ட்ஸ் என்று அடித்துக் காட்டினேன். சத்தமில்லாமல் ஏறியது. "இருக்கே சார்" என்றேன். "அப்புறம் ஏன் இல்லைங்குது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு ஸ்கிரிப்டின் முதல் வரியில், எந்தப் பைத்தான் ஓடுகிறது என்று சொல்லும் சிஸ்.எக்ஸிகியூட்டபிளை அச்சிட வைத்துவிட்டு இரண்டு மணி வரை காத்திருந்தேன். கையால் ஓட்டியபோது வந்தது என் வீஎன்வ்வுக்குள் (ஒரு புராஜெக்டுக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் சூழல்) இருக்கும் பைத்தான். கிரானில் வந்தது சிஸ்டத்தின் பொதுப் பைத்தான், யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3. டெர்மினல் திறக்கும்போது ஓடும் நம் பாஷ்ஆர்சி கோப்பைக் கிரான் படிப்பதில்லை, வீஎன்வ்வை ஆக்டிவேட் செய்வதும் இல்லை. நிரல்களைத் தேட அதற்குத் தெரிந்த பாதை மிகக் குறுகியது. கிரானுக்கு வேலை எழுதிவைக்கும் கிரான்டேப் வரியில் வீஎன்வ் பைத்தானின் முழுப் பாதையை எழுதியதும் சரியாகிவிட்டது.

ஆனால் அந்தப் பதினோரு வரிகளும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. அந்தப் பைத்தானிடம் ரிக்வெஸ்ட்ஸ் இல்லைதான். உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

ஆய்வகம்மூன்று

நான் கல்லூரியில் முதலாம் ஆண்டுக்கு பைத்தான் லேப் எடுக்கிறேன். எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு எழுதச் சொன்னேன். ஒரு மாணவி அழகாக எழுதியிருந்தாள், ஒரு பிழையும் இல்லை. ஓட்டினால், பார்ஷியலி இனிஷியலைஸ்டு மாட்யூல் ரேண்டமில், அதாவது பாதி மட்டும் ஏறிய ரேண்டமில், ரேண்டின்ட் இல்லை என்கிறது. ரேண்டம் என்பது ஏதோ ஒரு எண்ணைத் தர பைத்தானோடு வரும் மாட்யூல், ரேண்டின்ட் அதில் உள்ள ஃபங்ஷன். நான் கோடைத்தான் பார்த்தேன், கோப்பின் பெயரைப் பார்க்கவில்லை. பைத்தானை அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன். போட்டாள். அதே எரர். திரும்பவும் அழிக்கச் சொன்னேன். மற்ற எல்லோரும் அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டார்கள்.

மூன்றாவது முறை அவள் கேட்டாள்: "மேம், எனக்கு இந்தப் பாடம் வரலைன்னு நினைக்கிறீங்களா?"

கோப்பின் பெயர் ரேண்டம்.பை. ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர்தான், மாட்யூல்களைத் தேடும் பட்டியலான சிஸ்.பாத்தில் முதலிடத்தில் நிற்கும். ஆகவே பைத்தான் தன்னுடைய ரேண்டத்துக்குப் போகாமல் அவளுடையதை எடுத்தது. அவள் கோப்பு தன்னையே இம்போர்ட் செய்துகொண்டது. கேமிங் என்று பெயரை மாற்றினோம், ஓடியது. அவள் சிரித்தாள், எனக்குச் சிரிக்க முடியவில்லை.

2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13 இந்த இடத்தில், உங்கள் கோப்புக்கு ஸ்டாண்டர்டு லைப்ரரி (பைத்தானோடு வரும் தொகுப்பு) மாட்யூலின் பெயர் இருக்கிறது, மாற்றிப் பாருங்கள் என்று எரரிலேயே சொல்லிவிடுகிறது. அந்த ஒரு வரி சேர்ந்ததற்காகவே எங்கள் லேப் கணினிகள் எல்லாவற்றிலும் 3.13 போட வேண்டும் என்று துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுத்து வாங்கினேன்.

இருபதுவருடம்

மேடம், ரேண்டம்.பை எல்லாம் முதல் வாரத்தில் வருவது. வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளிக்கொண்டிருக்கிறோம். நூற்றில் தொண்ணூறு தடவை கதை ஒன்றுதான்: போட்டது ஒரு பைத்தானில், ஓட்டுவது வேறொரு பைத்தானில். எனக்கு நடந்தது பிரௌசரில் பைத்தான் எழுதி ஓட்டும் ஜூபிட்டர் நோட்புக்கில். டெர்மினலில் பாண்டாஸ் மாட்யூலைப் போட்டேன், நோட்புக் இல்லை என்றது, வாடிக்கையாளர் முன்னால். அவ்வளவுதான் என் கதை.

இனி கேளுங்கள். பேக்கேஜ்களைப் போடும் கருவியான பிப்பை, பிப் இன்ஸ்டால் என்று மொட்டையாக அடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அந்த பிப் எந்தப் பைத்தானுடையது என்று உங்களுக்குத் தெரியாது. பைத்தான் மைனஸ் எம் பிப் இன்ஸ்டால் என்று அடியுங்கள். எந்தப் பைத்தானை அழைத்தீர்களோ அதற்குள்தான் போகும், வேறு எங்கும் போகாது. நோட்புக்கில் ஆச்சரியக்குறி போட்டு பிப் அடித்தால் அது டெர்மினல் கட்டளைகளை ஓட்டும் ஷெல்லுக்குப் போகிறது. ஷெல்லின் பாதையில் முதலில் அகப்படும் பிப் ஓடும். சதவீதக்குறி போட்டு அடித்தால் அந்த நோட்புக்கை ஓட்டும் கர்னலின் பைத்தானுக்கே போகும். இந்த ஒரு குறி தெரியாமல் எத்தனையோ பேர் அரைநாள் தொலைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, டெபியன் 12 லினக்ஸ் வந்த 2023இலிருந்து சிஸ்டம் பைத்தானில் பிப் கொண்டு எதையாவது போட முயன்றால் எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட், அதாவது இது பிப்புக்கு வெளியே நிர்வகிக்கப்படும் சூழல், என்று தடுக்கிறது. உபுண்டுவிலும் அப்படித்தான். உடனே எல்லோரும் தேடிப்பிடித்து பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ் என்ற ஆப்ஷனைச் சேர்த்து அடிக்கிறார்கள். பெயரிலேயே உடைப்பேன் என்று இருக்கிறது. இயங்குதளத்தின் கருவிகள் சில அந்தப் பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன, அதைத் தொடாதீர்கள். பைத்தான் 3.3இலிருந்து வீஎன்வ் கூடவே வருகிறது, அதாவது 2012இலிருந்து. புராஜெக்டுக்கு ஒன்று வையுங்கள். ஆக்டிவேட் செய்ய மறந்தாலும் பரவாயில்லை, உள்ளே இருக்கும் பைத்தானை முழுப் பாதையோடு அழைத்தால் போதும்.

விஎஸ் கோடில் கீழ் மூலையில் எந்த இன்டர்பிரெட்டர் என்று எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் யாரும் எரரைக் காப்பி செய்து எனக்கு அனுப்பாதீர்கள்.

பின்னிரவு

அண்ணா, எல்லாம் சரி. என்னிடம் வீஎன்வ் இருந்தது, மைனஸ் எம்மோடுதான் போட்டிருந்தேன். நான் எழுதியது கிரான் பற்றி.

கண்டெய்னர்வாசி

இருபதுவருடம் சாருடைய தொண்ணூறை நான் ஒப்புக்கொள்ளவில்லை. மீதிப் பத்தில் மாட்டியவர்களுக்குத்தான் தூக்கம் போகிறது.

டாக்கர் இமேஜ் (நிரலையும் அதற்கு வேண்டியதையும் ஒன்றாகக் கட்டிய பொட்டலம்), பைத்தான் 3.9 ஸ்லிம், அதாவது மெலிந்த வகை. உள்ளே இருப்பது ஒரே ஒரு பைத்தான். படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி போட்டாகிவிட்டது, பிப் லிஸ்டில் தெரிகிறது. ஆனாலும் அதன் இம்போர்ட் பெயரைக் கொண்டு இம்போர்ட் சிவி2 என்றால் எரர். நான் நான்கு முறை மறுபடி போட்டேன், இமேஜை கேஷ் இல்லாமல் பில்டு செய்தேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு, என் டீமிலேயே புதிதாகச் சேர்ந்த பையன் திரையைப் பார்த்து, "அண்ணா, இது மாட்யூல்நாட்ஃபவுண்ட் இல்லை, வெறும் இம்போர்ட்எரர்" என்றான்.

பைத்தான் 3.6இலிருந்து இரண்டும் தனித்தனி. மாட்யூலே கிடைக்காவிட்டால் மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர். கிடைத்து, உள்ளே ஏறும்போது தடுக்கினால் இம்போர்ட்எரர். கடைசி வரியை அப்போதுதான் முழுதாகப் படித்தேன்: லிப்ஜிஎல்.எஸ்ஓ.1 திறக்க முடியவில்லை. ஸ்லிம் இமேஜில் திரைக்கு வரையும் அந்த சி லைப்ரரி கிடையாது. எங்களுக்குத் திரையே தேவையில்லை, சர்வரில் படத்தைச் சுருக்குவது மட்டும்தான் வேலை. ஓப்பன்சிவியின் திரை தேவைப்படாத ஹெட்லெஸ் பேக்கேஜை மாற்றிப் போட்டோம், முடிந்தது.

அந்தப் பையன் இப்போது வேறு ஊரில் இருக்கிறான். நான் இன்றும் எரரைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கிறேன்.

நூலகத்தூண்

என்னுடையதை இதுவரை யாரும் நம்பவில்லை. விடுமுறையில் ஊர் நூலகத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பைத்தான் சொல்லித்தந்தேன். பைத்தான் 3இல் மாறிகளுக்கும் கோப்புகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பிள்ளைகளுக்கு அது பெரிய சந்தோஷம். எல்லோருக்கும் பொதுவான ஃபங்ஷன்களை பொது.பை என்ற கோப்பில் வைத்தேன். வகுப்பில் லினக்ஸ் கணினி. இம்போர்ட் பொது என்று அடித்தேன். நோ மாட்யூல் நேம்ட் பொது.

கோப்பு கண்முன்னால் இருக்கிறது. அதே ஃபோல்டர், ஒரே பைத்தான். எழுத்துப்பிழையோ என்று கோப்பின் பெயரையே காப்பி செய்து இம்போர்ட் வரியில் ஒட்டினேன். அப்போதும் இல்லை! பிள்ளைகள் சுற்றி நின்று, "சார், இருக்குதே, இருக்குதே" என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து ஃபோல்டரில் உள்ள பெயர்களை எடுத்து நீளத்தைப் பார்த்தேன். பை என்ற வாலை வெட்டிவிட்டால் பொது என்பது ஐந்து. நானே அடித்த பொது நான்கு.

ப, ொ, த, ு. நான்குதான் வரவேண்டும். கோப்பில் ொ ஒரே குறியாக இல்லை. கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாக இருந்தது. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய ஒரு ஆவணத்திலிருந்து அந்தச் சொல்லை வெட்டி எடுத்து கோப்புக்குப் பெயராக ஒட்டியது நினைவுக்கு வந்தது. பைத்தான் கோடில் உள்ள பெயர்களைப் படிக்கும்போதே என்எஃப்கேசி முறைக்கு மாற்றிக்கொள்கிறது. அதாவது கொம்பையும் காலையும் சேர்த்து ஒன்றாக்கிவிடுகிறது. அதனால்தான் நான் ஐந்தை ஒட்டினாலும் அது நான்கைத் தேடியது. கோப்பின் பெயரை அது மாற்றுவதில்லை, லினக்ஸும் மாற்றுவதில்லை.

தமிழ்99 விசைப்பலகையில் புதிதாக அடித்துப் பெயரை மாற்றினேன். மறுநாள் பிள்ளைகளிடம் இரண்டு பொதுவையும் பலகையில் எழுதிக் காட்டினேன். ஒரு பெண், "அப்போ கொ, கோ, கௌ எல்லாத்துக்கும் இது வருமா சார்?" என்று கேட்டாள். வரும் என்றேன். அந்தக் கேள்வியை நான் மறக்கவே மாட்டேன்.

இருபதுவருடம்

இதற்குத்தான் கோப்புப் பெயரை எப்போதும் ஆங்கிலத்தில் வையுங்கள் என்று சொல்வது.

நூலகத்தூண்

ஐயா, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் நாளே காமன், யுட்டில்ஸ் என்று சொன்னால் பாதிப் பேர் இரண்டாம் நாள் வரமாட்டார்கள். நான் பார்த்திருக்கிறேன். பெயர்களைச் சரிபார்த்து மாற்ற நான்கு வரி ஸ்கிரிப்ட் போதும். யூனிகோட்டேட்டா மாட்யூலில், பெயர்களை ஒரே முறைக்குக் கொண்டுவரும் நார்மலைஸ் இருக்கிறது. மொழியை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

சொட்டுநீர்

பாலிடெக்னிக் கடைசி வருட புராஜெக்ட். மண்ணின் ஈரத்தை அர்டுயினோ என்ற சிறு மின்பலகை அளந்து லேப்டாப்புக்கு அனுப்ப வேண்டும். நோ மாட்யூல் நேம்ட் சீரியல் என்றது. சரி என்று பிப்பில் சீரியல் என்றே போட்டேன். எரர் போய்விட்டது! டெமோவில் ஓட்டினால், சீரியல் மாட்யூலில் சீரியல் என்று எதுவும் இல்லை என்கிறது. நான் போட்டது அதே பெயரில் இருக்கும் சம்பந்தமில்லாத ஒரு பேக்கேஜ். போடவேண்டியது பைசீரியல். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு அடுத்த குழுவுக்குப் போய்விட்டார். அப்பா தோட்டத்திலிருந்து ஒரு வாளி மண் எடுத்துக் கொடுத்து அனுப்பியிருந்தார். அது மேசையிலேயே இருந்தது.

இம்போர்ட் பெயரும் பிப் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சிவி2 வேண்டுமானால் ஓப்பன்சிவி-பைத்தான், பிஐஎல்லுக்கு பில்லோ, யாமலுக்கு பையாமல், எஸ்கேலேர்னுக்கு சைகிட்-லேர்ன், டேட்யுட்டிலுக்கு பைத்தான்-டேட்யுட்டில். ஊகித்துப் போடாதீர்கள், இதை நான் மன்றாடிக் கேட்கிறேன். எனக்குப் போனது ஒரு டெமோதான். 2019 டிசம்பரில் பைத்தான்3-டேட்யுட்டில் என்ற பெயரில் ஒரு போலி பேக்கேஜைப் பிப் பேக்கேஜ்களை எடுக்கும் தளமான பைபிஐயில் கண்டுபிடித்து நீக்கினார்கள். அது இன்னொரு போலியை உள்ளே இழுத்துவரும்; அந்த இன்னொன்று, சர்வருக்குள் நுழையவும் கையொப்பமிடவும் பயன்படும் எஸ்எஸ்எச், ஜிபிஜி சாவிகளைத் திருடும். இரண்டாவதின் பெயர் ஜெல்லிஃபிஷ், முதல் எல்லுக்குப் பதிலாகப் பெரிய ஐ. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இப்போது ஏஐ சொல்லும் பேக்கேஜ் பெயரையும் அப்படியே அடிக்கிறார்கள். அந்த லைப்ரரியின் சொந்த ஆவணத்தில் இன்ஸ்டால் வரி எழுதியிருக்கும், அதைப் பார்த்து அடியுங்கள்.

சிறியபெரிய

சுருக்கமாக. விண்டோஸில் பெரிய ஆங்கில எழுத்தில் தொடங்கிய ஹெல்பர்ஸ்.பையைச் சிறிய எழுத்துக்கு மாற்றினேன். என் கணினியில் ஓடியது. கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் அந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளவேயில்லை. லினக்ஸ் சர்வரில் பழைய பெயரே இருந்தது, லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறு, வெள்ளி மாலை சைட் விழுந்தது. கிட் எம்வி கொண்டு மாற்றியிருக்க வேண்டும்.

கண்டெய்னர்வாசி

சொட்டுநீர், அந்தப் புராஜெக்ட் என்ன ஆயிற்று?

சொட்டுநீர்

மதியம் மறுபடி கூப்பிட்டார்கள் அண்ணா. பைசீரியல் மட்டும் போட்டால் போதவில்லை, முதலில் அந்த சீரியலை நீக்க வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே பெயர் ஃபோல்டரில் வந்து உட்காருகின்றன. வாளி மண்ணில் தண்ணீர் ஊற்றியதும் அளவு ஏறியது.

காலிஃபோல்டர்

எனக்கு எரர் வராததுதான் பிரச்சினை. ஒரு பிளகின் (துணை நிரல்) இருந்தால் பயன்படுத்து, இம்போர்ட்எரர் வந்தால் பழைய வழியில் போ என்று எழுதியிருந்தோம். கோடின் வேறு பிராஞ்சுக்கு (கிளைக்கு) மாறியதும் கிட் அந்த பிளகினின் பை கோப்புகளை எடுத்துவிட்டது. ஆனால் பைத்தான் தானே உண்டாக்கும் பைகேஷ் ஃபோல்டரை கிட் தொடாது, ஆகவே அதைச் சுமந்துகொண்டு பிளகின் ஃபோல்டரும் தங்கிவிட்டது. பைத்தான் 3.3இலிருந்து, பேக்கேஜ் என்று அடையாளம் காட்டும் இனிட் கோப்பு இல்லாத ஃபோல்டரையும் நேம்ஸ்பேஸ் பேக்கேஜ் என்று ஏற்றுக்கொள்கிறது. உள்ளே ஒன்றுமில்லாத ஃபோல்டர் அழகாக இம்போர்ட் ஆனது, பழைய வழி திறக்கவேயில்லை. மூன்று நாள். என் கணினியில் மட்டும். சக ஊழியர்கள் நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்தார்கள்.

பின்னிரவு

இதைப் படித்துவிட்டு எங்கள் சர்வரில் தேடினேன். பைகேஷ் மட்டும் இருக்கும் ஃபோல்டர் இரண்டு கிடைத்தன. அதில் ஒன்று பில் ஸ்கிரிப்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நாளைக் காலை மேலாளரிடம் சொல்லிவிட்டு எடுக்கிறேன்.