'ஹேண்ட்சம்' மண்டபத்துக்குத் தமிழில் என்ன சொல்வது?

எல்லோருக்கும் வணக்கம், காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தைப் பற்றிப் பழைய ஆங்கிலக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் அந்த மண்டபத்தை 'ஹேண்ட்சம்' என்று எழுதியிருக்கிறார்கள். நாலு நாளாக இந்த ஒரே சொல்லில் வண்டி நிற்கிறது. சனிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

செயலியில் போட்டால் 'அழகான ஆண்' என்று வருகிறது, மண்டபத்துக்கு மீசை வரைய வேண்டியதுதான். அகராதியைப் புரட்டினேன். 'ஹேண்ட்' கைதான், ஆனால் பின்னால் வரும் 'சம்' நான் நினைத்தது போல 'சில' இல்லையாம், 'டயர்சம்' (அலுப்பூட்டுகிற) மாதிரி ஆங்கிலச் சொற்களின் கடைசியில் வருகிற ஒட்டு. முதலில் கையாள எளிதானது என்றுதான் பொருள், அப்புறம் ஏற்றது, பொருத்தமானது என்று நகர்ந்து, 16ஆம் நூற்றாண்டில்தான் தோற்றத்துக்கு வந்திருக்கிறது. பணத்தோடு சேர்ந்தால் கணிசமான தொகை.

'கைக்கடக்கமான' என்று போட்டால் வேர் நிற்கும், ஆனால் யாளியும் குதிரைவீரனும் பாயும் தூண்களைப் பார்த்தவர் சிரிப்பார். 'கம்பீரமான' என்றால் அளவின் பொருத்தம் போய்விடுகிறது. 'வடிவான' எனக்குப் பிடித்தது, ஆனால் அது ஈழத்து வழக்கு, எங்கள் பக்கம் காதில் ஒட்டாது. 'லட்சணமான' பெண் பார்த்துவிட்டு வந்து சொல்வது போல இருக்கிறது.

பெரிதாகவும் அளவாகவும் அமைந்த ஒரு கட்டடத்தின் அழகைச் சொல்ல, வேலூர்க்காரர் வாயில் இயல்பாக வரக்கூடிய ஒற்றைச் சொல் எது?