செலவைக் குறைத்தால் வேலை எங்கிருந்து வரும்?

கரவெட்டிப் பொடியன்:
பேப்பரைத் திறந்தால் இலங்கை எழும்பிவிட்டது, 2024இல் 5 சதவீத வளர்ச்சி என்கிறார்கள். சந்தோஷம்தான். என் அப்பா மேசன், ஒரு கொந்தராத்துக்காரரோடு சேர்ந்து மதகு, வாசிகசாலை, பள்ளிக்கூட மதில் என்று அரச வேலைதான் அதிகம் செய்தவர். 2022 பொருளாதார நெருக்கடியில் நின்ற வேலைகள் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை, முடித்துக் கொடுத்த ஒன்றுக்கு ஒன்றரை வருடம் கழித்துத்தான் காசு வந்தது. நான் கலைப் பட்டதாரி. எனக்கு மூத்த அண்ணாக்கள் 2020இல் அரச வேலைக்குப் பயிலுநராக உள்ளே போய்விட்டார்கள், என் முறை வந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள். கடன் தருகிற ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) சொல்லுக்குச் செலவைக் குறைத்துக்கொண்டே போனால் வேலை எங்கிருந்து வரும்? விளங்கினவர்கள் சொல்லுங்கோ, கட்சிச் சண்டை வேண்டாம்.

பழைய லெட்ஜர்:
தம்பி, 60 வயதோடு வீட்டுக்குப் போ என்று 2022 டிசம்பர் 31இல் அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன், கணக்குப் பிரிவு. இங்கே யாரையும் வேலையை விட்டுத் தூக்குவதில்லை. ஆள் போகும், கதிரை காலியாகவே கிடக்கும். சம்பளமில்லா லீவில் 5 வருடம் வெளிநாடு போகலாம் என்றதும் அந்தக் கணக்குத்தான். ஆனால் நீர் சொல்லும் 2020ஐயும் பாரும். 2019 கடைசியில் வற் வரியை (பெறுமதி சேர் வரி) 15இலிருந்து 8 சதவீதமாக்கிவிட்டு, அடுத்த வருடமே ஏறக்குறைய 50,000 பட்டதாரிகளை எடுத்தார்கள். வரவைக் குறைத்துச் செலவைக் கூட்டினால் மிச்சத்துக்கு நோட்டு அச்சடிக்கத்தானே வேண்டும்? 2022இல் அரச வருமானத்தில் முக்கால்வாசிக்கு மேல் கடன் வட்டிக்கே போனது. அந்த செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதம், என் சேமிப்பு கண்ணுக்கு முன்னாலேயே கரைந்தது.

நெல்லியடி ஹாட்வெயார்:
ஐயா சொல்வது சரி, ஆனால் வெட்டின இடம் பிழை. வட்டியில் கைவைக்க முடியாது, சம்பளத்தில் கைவைத்தால் சனம் றோட்டுக்கு வரும், ஆகவே சத்தம் போடாத மதகையும் றோட்டையும் வெட்டினார்கள். அந்த வேலை நின்றால் மேசன் மட்டும் படுப்பதில்லை, சீமெந்து கொடுக்கிற நான், மணல் ஏற்றுகிற லொறிக்காரன், பின்னேரம் தேத்தண்ணிக் கடை எல்லாம் படுக்கும். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் அதற்கு மேல் 66 சதவீதம், ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் 100 ரூபாய் பில் 290. பிறகு குறைத்தார்கள், அதற்குள் கடையில் நின்ற இரண்டு பொடியன்களில் ஒருவனை அனுப்பிவிட்டேன். 2024 ஜனவரியிலிருந்து வற் 18. இராணுவத்தை 2030க்குள் ஒரு லட்சமாகக் குறைப்போம் என்று 2023இல் அறிவித்தார்கள், எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் முதலில் வெட்டியிருக்க வேண்டும் என்பார்கள்.

அப்புறம் அந்த 5 சதவீதம். 2021இல் நாட்டின் உற்பத்தி 100 என்று வையுங்கள், இரண்டு வருடம் விழுந்து 90 அளவுக்கு வந்தது, அதில் 5 சதவீதம் ஏறினால் 95. 2024 முடியும்போதும் பள்ளம் நிரம்பவில்லை.

பந்தலில் இருந்தவள்:
2017இல் கச்சேரி (மாவட்டச் செயலகம்) முன்னால் மாதக்கணக்காகப் பந்தல் போட்டு வேலை கேட்ட பட்டதாரிகளில் நானும் ஒருத்தி. பிறகு கிடைத்தது, அபிவிருத்தி உத்தியோகத்தர். உண்மையைச் சொன்னால் முதல் வருடம் நாலு பேருக்கு ஒரு மேசை, செய்வதற்கு ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கதைத்துக்கொண்டிருப்போம். அதே நேரம் பக்கத்து ஆஸ்பத்திரியில் தாதிமார் காணாது. ஆள் கூடவா குறைவா என்று சண்டை பிடிக்கிறீர்கள், எந்தக் கதிரையில் என்று யாரும் கேட்கவில்லையே. தம்பி, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 30,000 பேரை எடுப்போம் என்றார்கள், அது அத்தியாவசிய வெற்றிடங்களுக்கு. பட்டம் இருக்கிறது என்பதற்காகக் கூப்பிடுவார்கள் என்று இருக்காதீர், வர்த்தமானியைப் பாரும், பரீட்சைக்குப் படியும்.

கரவெட்டிப் பொடியன்:
நன்றி அக்கா. ஹாட்வெயார் அண்ணை, உங்கள் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், எந்தக் கடை என்று விசாரிக்கிறார், பழைய கடன் ஏதும் இருக்கோ தெரியவில்லை.