பெர்த்தில் இருந்து அடிலெய்டு வரை கேரவனில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போகலாமா?

தக்கலைக்காரர்:
எல்லாருக்கும் வணக்கம். மகன் பெர்த்தில் வேலை பார்க்கிறான். வருகிற ஆகஸ்டில் நானும் வீட்டுக்காரியும் அவனிடம் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, அங்கிருந்து அடிலெய்டில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும். விமானத்தில் போனால் அரை நாளில் முடிகிற காரியம்தான், ஆனால் எங்களுக்கு ஒரு கேரவன் வாடகைக்கு எடுத்து நடுவில் இருக்கும் மரமே இல்லாத நல்லார்பர் சமவெளி வழியாக ஓட்டிப் போக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. மகனுக்கு லீவு கிடையாது, அதனால் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். எனக்கு 61 வயது. அவளுக்குப் பிரஷர் மாத்திரை உண்டு, மற்றபடி நல்ல தெம்பு. விஷயத்தைச் சொன்னதில் இருந்து சொந்தக்காரர்கள் எல்லாம் பெட்ரோல் கிடைக்காது, போன் எடுக்காது, வழியில் விழுந்தால் கேட்க ஆள் இல்லை என்று பயமுறுத்துகிறார்கள். போய் வந்தவர்கள் உண்மை நிலவரம் சொல்லுங்கள்.

குளச்சல் டு அடிலெய்டு:
அண்ணாச்சி, தாராளமாகப் போகலாம். நாங்களும் இதே வழியில், இதே திசையில்தான் போனோம். மொத்தம் 2,700 கிலோமீட்டர் வரும். பெட்ரோலை நினைத்துப் பயப்பட வேண்டாம், சமவெளிக்கு முன்னால் வரும் நார்ஸ்மன் ஊரைத் தாண்டினால் பலடோனியா, கைகுனா, காக்கில்பிடி, மதுரா, முண்ட்ராபில்லா, யூக்ளா என்று ரோட்ஹவுஸ்கள் (பங்க், சாப்பாடு, தங்க இடம் எல்லாம் ஒன்றாக இருக்கிற இடம்) வந்துகொண்டே இருக்கும், 200 கிலோமீட்டருக்குள் அடுத்த பங்க் வந்துவிடும். விலைதான் கடுமை. நம் ஆரல்வாய்மொழிக் காற்று போல ஒரு காற்று அங்கே நாள் முழுக்க அடிக்கும், உயரமான வண்டி எதிர்க்காற்றில் டீசலைக் குடித்துவிடும், அதனால் பாதி டேங்க் இருந்தாலும் நிரப்பிவிடுங்கள். தண்ணீர் அப்படி இல்லை. ரோட்ஹவுஸ்களில் அவர்களுக்கே தண்ணீர் தட்டுப்பாடு, உங்கள் டேங்கை நிரப்பித் தர மாட்டார்கள். நார்ஸ்மனிலேயே முழுக்க நிரப்பி, குடிக்கத் தனியாகக் கேன் வாங்கி வையுங்கள். வண்டி நின்றுபோனால் அந்தத் தண்ணீர்தான் கை கொடுக்கும். எது நடந்தாலும் வண்டியை விட்டு இறங்கி நடக்கக் கூடாது, வண்டி பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இன்னொன்று, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற கேரவன் வேண்டாம். அதை ரிவர்ஸ் எடுப்பது தனிப் பழக்கம். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற ஒரே வண்டியாக எடுங்கள்.

பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவில் 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவு கிடையாது. நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி போய்த் திரும்புகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஸ்டீரிங்கைத் திருப்பவே வேலை இல்லை என்றால் கண் செருகத்தான் செய்யும். சாயங்காலம் நான்கு மணிக்கே எங்காவது நிறுத்திவிடுங்கள். இருட்டும் நேரத்திலும் விடியும் நேரத்திலும் கங்காரு குறுக்கே பாயும். நிறைய வாடகை நிறுவனங்கள், ஊருக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லாது என்று எழுதியே தருகின்றன, கையெழுத்துப் போடும் முன் அதைப் படியுங்கள்.

மார்த்தாண்டம் மருமகள்:
அண்ணே, நீங்கள் எழுதியதில் அக்கா கார் ஓட்டுவார்களா என்று ஒரு வரி கூட இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகத் தெரிகிறது. இவ்வளவு தூரத்தை ஒரே ஆள் ஓட்டக் கூடாது. அக்காவுக்குக் கார் லைசென்ஸ் இருந்தால் இரண்டு பேருக்குமே ஆர்டிஓ ஆபீசில் இன்டர்நேஷனல் பெர்மிட் எடுங்கள், ஒரு வருஷம் செல்லும். வாடகை ஒப்பந்தத்திலும் இரண்டாவது டிரைவராக அக்கா பெயரைச் சேருங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் வராது. அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுவார்கள், ஸ்டீரிங்கும் வலது பக்கம்தான், பழகுவதற்கு நேரம் ஆகாது.

எனக்கு இதில் மனவருத்தமே உண்டு. நம் ஊரில் எவ்வளவோ பெண்கள் நெரிசலில் அழகாக ஓட்டுகிறார்கள், நீண்ட பயணம் என்றதும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற வேலை மட்டும் கொடுத்துவிடுகிறோம். நடுவழியில் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தால் வண்டியை ஓட்டி, அங்கே அவசர எண்ணான 000-வை அழைத்து, எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லப்போவது அவர்கள்தானே.

உடம்பைப் பற்றிக் கேட்டீர்கள். நல்லார்பர் வழியாகப் போகிற ஐர் நெடுஞ்சாலையில் சில இடங்களில் ரோட்டிலேயே கோடு போட்டு விமானம் இறங்கும் தளமாக வைத்திருக்கிறார்கள், தொலைதூர இடங்களுக்கு மருத்துவ உதவி கொண்டுவரும் ராயல் ஃபிளையிங் டாக்டர் விமானம் அங்கே வந்து இறங்கும். 1928-லிருந்து நடக்கிற சேவை. மாத்திரையை டாக்டர் சீட்டோடு எடுத்துப் போங்கள்.

கோட்டாறு சமையல்:
சாப்பாட்டுக்கு ஒரு விஷயம். மேற்கில் இருந்து போகும்போது நல்லார்பர் முடிந்து வரும் செடூனா ஊரில் வண்டியை நிறுத்திச் சோதிப்பார்கள், பழ ஈ வராமல் இருக்கத்தான். பச்சைக் காய், பழம் எல்லாவற்றையும் அங்கே போட்டுவிட வேண்டும். அதனால் தக்காளி, மிளகாய், எலுமிச்சை எல்லாம் செடூனாவுக்கு முன்னால் தீர்கிற அளவுக்கு மட்டும் வாங்குங்கள், அங்கே கடை உண்டு, திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சம்பா அரிசி, பருப்பு, புளி இருந்தால் ரசம் வைத்துச் சமாளிக்கலாம். ஊரில் இருந்து கருவாடு, ஊறுகாய் எது கொண்டு போனாலும் விமான நிலையத்தில் கொடுக்கிற அட்டையில் எழுதிக் காட்டிவிடுங்கள், மறைத்தால் அபராதம் பெரிது.

தக்கலைக்காரர்:
ரொம்ப நன்றி. அவளுக்குக் கார் லைசென்ஸ் உண்டு, என்னைவிட நிதானமாக ஓட்டுவாள். பதிலை எல்லாம் அவளிடம் வாசித்துக் காட்டினேன், விசா வந்ததும் இரண்டு பேரும் பெர்மிட்டுக்குப் போகிறோம். அவள் இரண்டு கேள்வி கேட்கச் சொன்னாள். போன் கிடைக்காத இடத்தில் எப்படி உதவி கேட்பது? ஆகஸ்டில் திமிங்கலம் பார்க்க முடியுமா?

குளச்சல் டு அடிலெய்டு:
முடியும் அக்கா. ஜூனில் இருந்து அக்டோபர் வரை வழியில் கடலோரம் இருக்கும் ஹெட் ஆஃப் பைட் பக்கம் குட்டியோடு வந்து நிற்கும், மேலே மரப்பாதையில் நின்றே பார்க்கலாம். அங்கே கரையோரமாக இருக்கும் பண்டா பாறைகள் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும், விளிம்புக்குப் போக வேண்டாம், காற்று மோசம்.

டெல்ஸ்ட்ரா என்ற கம்பெனியின் சிம் வாங்குங்கள், அது ரோட்ஹவுஸ் பக்கம் கிடைக்கும், நடுவில் கிடைக்காது. பிஎல்பி என்று கையடக்கமான ஒரு கருவி வாடகைக்குக் கிடைக்கும், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அழுத்த வேண்டும், சாட்டிலைட் வழியாகக் கான்பராவில் இருக்கும் மீட்பு மையத்துக்குச் செய்தி போகும். வண்டிக்கு வண்டி பேசுகிற யுஹெச்எஃப் ரேடியோ வண்டியில் இருந்தால் 40-ஆம் சேனலில் வையுங்கள், லாரிக்காரர்கள் எல்லாம் அதில்தான் பேசுவார்கள். இரண்டு மூன்று டிரெய்லரை இழுத்துப் போகிற ரோட் டிரெயின் லாரியை முந்த வேண்டும் என்றால் அதிலேயே கேட்டுவிட்டு முந்தலாம்.

கிளம்புவதற்கு முன்னால் வண்டியை ஒரு ராத்திரி முன்கூட்டியே எடுத்து, பெர்த் பக்கத்திலேயே ஒரு கேரவன் பார்க்கில் மகனோடு தங்கிப் பாருங்கள். கேஸ் திறப்பது, தண்ணீர்க் குழாய் மாட்டுவது, டாய்லெட் பெட்டியை அதற்கென்று இருக்கிற டம்ப் பாயிண்டில் கொட்டிக் கழுவுவது, எல்லாவற்றையும் இரண்டு பேரும் தனித்தனியாகச் செய்து பாருங்கள். ராத்திரி நல்ல குளிர் இருக்கும், கம்பளி கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள்.