படகில் சார்ஜ் போடும் 'சாக்கெட்'டுக்குத் தமிழில் என்ன சொல்வது?

மதுரை, மொழிபெயர்ப்பவர்:

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும். சிறு படகில் செல்பேசிக்கும் ஜிபிஎஸ் கருவிக்கும் சார்ஜ் போட வசதி செய்வது எப்படி என்று நான்கு பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ராமநாதபுரம் கரையோர நாட்டுப்படகுக்காரர்களுக்குப் போகிறது, அச்சாவது மதுரையில். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சகத்துக்குத் தர வேண்டும்.

வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட் இல்லை இது. கார்களில் முதலில் சிகரெட் லைட்டருக்காக வந்த உருளைக் குழி. 12 வோல்ட் டிசி. நடுவில் உள்ள பொட்டு பிளஸ், சுற்றுச்சுவர் மைனஸ், மேலே ரப்பர் மூடி. 'மின்வாய்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

மேலூர், வேதியியல் ஆசிரியை:

தம்பி, மின்வாய் வேண்டாம். பாடநூலில் அந்தச் சொல் எப்போதோ வேறு பொருளுக்குப் போய்விட்டது. நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்று தினமும் வகுப்பில் சொல்கிறேன். பேட்டரிக்குள் அமிலத்தில் நிற்கும் தகடுகளும் மின்வாய்கள்தான். "மின்வாயைப் பேட்டரியோடு இணைக்கவும்" என்று என் மாணவன் படித்தால் என்ன செய்வான்? மின்துளையும் ஆகாது. குறைகடத்திப் பாடத்தில் துளை என்றால் எலக்ட்ரான் இல்லாத இடம். 'செருகுவாய்' என்று வையுங்கள், போதும்.

சோழவந்தான், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா சொல்வது பிழையில்லை. ஆனால் உள்ளே செருகுவதை மட்டும் பார்க்கிறீர்கள். வெளியே வருவதை யாரும் பார்க்கவில்லை. நான் பெரியாறு வைகைப் பாசனத்தில் வளர்ந்தவன். கண்மாயில் தண்ணீர் நிற்கிறது, வயல் காய்கிறது, மடையைத் திறக்கிறோம். பேட்டரியில் மின்சாரம் நிற்கிறது, செல்பேசி காய்கிறது. இடையில் இருப்பதற்கு மடை என்பதை விடப் பொருத்தமான பேர் உண்டா? மின்மடை. கடற்கரையில் இருப்பவருக்கும் மடை தெரியும்.

இன்னொன்றும் உண்டு. புறநானூறு 97ஆம் பாட்டில் அதியமானின் வேல் என்ற ஆயுதத்தைச் சொல்லும்போது சுரை, காழ், மடை மூன்றும் சேர்ந்து வருகின்றன. காழ் என்பது காம்பு. அது நுழையும் குழல்தான் சுரை. ஒன்று நுழைந்து இறுகும் குழிக்குச் சங்க காலத்திலேயே நம்மிடம் சொல் இருந்திருக்கிறது. சுரை என்றதும் காய் நினைவுக்கு வந்தால் வரட்டும், அதுவும் தண்ணீரில் மிதப்பதுதான். "சுரையாழ அம்மி மிதப்ப" என்று மொழிமாற்றுக்கு, அதாவது சொற்களை இடம் மாற்றிப் பொருள் கொள்ளும் முறைக்கு, எடுத்துக்காட்டுச் சொல்லிக்கொடுத்தே முப்பது ஆண்டுகள் போயிருக்கின்றன எனக்கு.

திருமங்கலம், ஆய்வு மாணவி:

ஐயா, அதே பாட்டில் மடைக்கு ஆணி என்றுதானே உரை சொல்கிறார்கள்? அப்படியானால் மடை என்பது உள்ளே போகும் பிளக் ஆகிவிடும், சாக்கெட் ஆகாது. பாசன மடையை மட்டும் வைத்துக்கொண்டு வேலின் மடையை விட்டுவிடலாம்.

என்னைக் கேட்டால் 'சாக்கெட்டு' என்றே எழுதலாம். திசைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் இடம் கொடுத்திருக்கிறது. கடைசியில் 'டு' சேர்த்துவிட்டால் வன்றொடர்க் குற்றியலுகரம், தமிழ் ஓசைக்குள் வந்துவிடும். நம் ஊரில் பேசுவதும் அப்படித்தான்.

சோழவந்தான், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஆணி பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். திசைச்சொல் பற்றிச் சொன்னது சரியில்லை. அது செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்துச் சொல். கடல் கடந்து வந்ததற்கு அந்த நூற்பாவை இழுக்கக் கூடாது. வடசொல்லுக்குச் சொன்ன விதியை வேண்டுமானால் நீட்டலாம்: அயல் எழுத்தை விட்டு நம் எழுத்தில் எழுதுவது. அந்தக் கணக்கில் சாக்கெட்டு தேறும். சார்ஜ் தேறாது.

செல்லூர், எலக்ட்ரீஷியன்:

ஐயாமார் கோபித்துக்கொள்ளக் கூடாது. படகுக்காரர் கையேட்டைப் படித்துவிட்டுக் கடைக்குத்தான் போவார். டவுன் ஹால் ரோட்டில் நின்று "மின்மடை கொடுங்கள்" என்றால் கடைக்காரர் முழிப்பார். "12 வோல்ட் சாக்கெட்டு" என்றால் உடனே எடுத்துத் தருவார்.

அண்ணே, பியூஸ் எங்கே போட வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்களா? நிறையப் பேர் சாக்கெட்டுப் பக்கத்தில் போடுகிறார்கள். தப்பு. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பியூஸ் காப்பது கம்பியை. பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில் கம்பி உரசி ஷார்ட் ஆனால் தடுக்க எதுவும் இல்லை, கம்பி பழுத்துவிடும். படகில் தீப்பிடித்தால் இறங்கி ஓடவா முடியும்?

கம்பி வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்கட்டும். வெறும் செம்பில் உப்புக்காற்று பட்டால் உறைக்குள்ளேயே களிம்பு ஏறும். பிளக்கைப் பிடுங்கும்போது பொறி வரலாம். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனம், கீழேதான் தங்கும். அதனால் சாக்கெட்டை டேங்குக்குத் தள்ளி, மேலே வைக்கச் சொல்லுங்கள்.

சோழவந்தான், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

களிம்பு! தம்பி வாயில் எவ்வளவு இயல்பாக வருகிறது. செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவம் என்று சைவ சித்தாந்தம் எடுத்தாண்ட சொல். கையேட்டில் 'அரிப்பு' என்று இருந்தால் அடித்துவிட்டுக் களிம்பு என்று போடுங்கள்.

மேலூர், வேதியியல் ஆசிரியை:

களிம்பு செம்புக்கு மட்டும் ஐயா. இரும்பு ஆணிக்குத் துரு. எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் இடத்தில் அரிப்பு இருக்கட்டும்.

மதுரை, மொழிபெயர்ப்பவர்:

இன்று வியாழன் இரவு. பியூஸ் வரியைத் தடித்த எழுத்தில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதற்கு நன்றி தம்பி. சாக்கெட்டு என்பதற்கு என்னையும் சேர்த்து மூன்று பேர், செருகுவாய்க்கு அக்கா, மின்மடைக்கு ஐயா. செய்முறையில் எல்லா இடத்திலும் 'சாக்கெட்டு'. தலைப்பில் மட்டும் 'மின்மடை (சாக்கெட்டு)'. அரிப்பு, களிம்பு இரண்டும் அதனதன் இடத்தில்.

மேலூர், வேதியியல் ஆசிரியை:

ஒரே பொருளுக்கு ஒரு கையேட்டில் இரண்டு பெயர் கூடாது என்பது என் கருத்து. பதிவு செய்துகொள்ளுங்கள்.

சோழவந்தான், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கட்டுப்படுகிறேன். ஆனால் சுரையை வீணாக்க வேண்டாம். கம்பி முனையை உள்ளே விட்டு நசுக்குகிறீர்களே, அந்தச் சின்னக் குழல், அதற்கு வையுங்கள்.

செல்லூர், எலக்ட்ரீஷியன்:

அதை நாங்கள் லக்கு என்போம் ஐயா.